மட்டை வெனிலா காணோம்

அலமாரி பூட்டியபடியே இருந்தது. உள்ளே இருந்த பாட்டிலைத்தான் காணவில்லை.

அன்புக்கரசி சாவியைக் கையில் வைத்துக்கொண்டே மேல்தட்டைப் பார்த்தாள், கீழ்த்தட்டைப் பார்த்தாள், அலமாரியை நகர்த்திப் பின்னாலும் பார்த்தாள். ஒரு பல்லி ஓடியது. பாட்டில் இல்லை.

உள்ளங்கையில் அடங்கும் பாட்டில்தான். ஆனால் அதற்குள் இருந்தது சாதாரணப் பொடி இல்லை. வெனிலின். ஐஸ்கிரீமுக்கும் பிஸ்கட்டுக்கும் வெனிலா வாசனையைக் கொடுக்கிற வெள்ளைப் படிகம். கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி பெட்ரோலியத்திலிருந்து வருவது. அன்புக்கரசி அதைத் தேங்காய் மட்டையிலிருந்து எடுத்திருந்தாள். கல்லூரி வேலையை விட்டுவிட்டு, வெள்ளகோவிலிலிருந்து காங்கேயம் போகும் சாலையில் புகுந்த வீட்டாரின் பழைய கொப்பரை குடோனில் கொதிகலனும் தொட்டிகளும் வைத்து, எத்தனையோ முறை கோட்டைவிட்டு, கடைசியில் ஒருவருக்குக் காட்டும் அளவுக்கு எடுத்திருந்தாள்.

அந்த ஒருவர் இன்று மூன்று மணிக்கு வருகிறார். கோயமுத்தூரில் ஒரு பிஸ்கட் கம்பெனியின் கொள்முதல் தலைவர் நந்திதா. இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் ஷெட்டை மூடிவிடுவது என்று குடும்பத்தில் பேசி முடித்தாயிற்று.

"ஹாரிகா! ஓடிப் போய்க் கேட்டைச் சாத்து. யாரும் வெளிய போகக் கூடாது" என்று கத்தினாள் அன்புக்கரசி. பிறகு போலீசுக்குப் போன் செய்தாள்.

உச்சி வெயிலில் ஜீப் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் ஏட்டு செங்கோட்டையன். ஓய்வு பெறும் வயது, நல்ல பசி. அவருக்குப் பின்னால் சப்-இன்ஸ்பெக்டர் மோகனப்பிரியா. ஒல்லியான உருவம், வேகமான நடை. எதைப் பார்த்தாலும் தலையை லேசாகச் சாய்த்துப் பார்ப்பாள்.

ஷெட்டுக்குள் நுழைந்ததும் செங்கோட்டையன் மூச்சை ஆழமாக இழுத்தார்.

"மேடம், கேக் கடைக்குள்ள பூந்த மாதிரி இருக்குதுங்க. வாசம் புடிச்சே கண்டுபுடிச்சரலாம் போங்க."

"எங்க, புடிங்க பாக்கலாம்."

ஏட்டு மேசையை மோந்தார், நாற்காலியை மோந்தார், தன் சட்டைக் கையையும் மோந்தார். எல்லாவற்றிலும் அதே வாசம்.

"மூக்கை வெச்சு இங்க ஒண்ணும் ஆகாதுங்க ஏட்டய்யா. கண்ணை வெச்சுப் பாப்போம்" என்றாள் மோகனப்பிரியா.

விருந்தாளி வருவதால் மட்டை அரைக்கும் பெண்களுக்கு அன்று விடுமுறை. ஷெட்டில் நான்கே பேர். அன்புக்கரசி. அவளிடம் வேலை செய்யும் இளம் கெமிஸ்ட் ஹாரிகா. கொதிகலனையும் தொட்டிகளையும் பார்த்துக்கொள்ளும் நஞ்சுண்டன். அன்புக்கரசியின் கணவருக்குத் தம்பியும் கம்பெனியில் பங்குதாரருமான கிருபாசங்கர். மட்டை வாங்குவதும் ஆட்களைப் பேசி முடிப்பதும் அவன் பொறுப்பு.

மோகனப்பிரியா ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள்.

"சாவி எங்க இருக்கும்?"

"ஆபீஸ் கதவோரத்துல ஆணியிலங்க. எல்லாரும் எடுப்போம்" என்றாள் அன்புக்கரசி. "காலையில பாட்டிலைப் பாத்துட்டுத்தான் பூட்டினேன். பொறவு நந்திதா மேடத்துக்கு வழி சொல்லோணும்னு போனோட வாசலுக்குப் போனனுங்க. உள்ள சிக்னல் கிடைக்காது. அங்கயே நின்னுதான் பேசினேன், யாரும் வெளிய போகலை."

"நீ எங்க இருந்தே கண்ணு?"

"பின்னாடி ஷெட்ல மேடம்" என்றாள் ஹாரிகா. "மட்டைத்தூள் சலிச்சிட்டு இருந்தேன். தனியாத்தான்."

"நீங்க?"

"கொதிகலன்கிட்டங்க" என்றார் நஞ்சுண்டன். "அதை உட்டுப்போட்டு நகர முடியாதுங்க. ஆனா பாத்ததுக்குச் சாட்சி யாருமில்லீங்க."

"நீங்க?"

"நான் ஆபீஸ், லேப், வாசல்னு நடந்துட்டே இருந்தனுங்க" என்றான் கிருபாசங்கர். "போன் பேசினா எனக்கு உக்கார வராது. ஏனுங்க மேடம், அண்ணிகிட்ட நீங்களாச்சும் சொல்லுங்க. காட்டறதுக்கு ஒண்ணுமே இல்லாதப்ப எதுக்கு அந்தம்மாளைக் கோயமுத்தூர்ல இருந்து இழுத்தடிக்கோணும்? வர வேண்டாம்னு சொல்லிப்போடலாம்."

"வரட்டும்" என்றாள் அன்புக்கரசி. குரல் உடைந்திருந்தது. ஆனாலும் பிடிவாதம் குறையவில்லை.

கேட் பூட்டியிருக்கிறது. திருட்டுக்கும் போலீஸ் வந்ததற்கும் இடையில் யாரும் வெளியே போகவில்லை. அப்படியானால் பொருள் உள்ளேதான் இருக்க வேண்டும். பைகள், இரண்டு ஸ்கூட்டர், கிருபாசங்கரின் கார், மட்டைக் குவியல், கொதிகலன் சாம்பல் என்று எல்லாவற்றையும் கிளறியாயிற்று. காலி பாட்டில் மட்டும் குப்பைத் தொட்டியில் கிடைத்தது. துடைத்து எடுத்ததுபோல் இருந்தது. பொடி எங்கும் இல்லை.

திடீரென்று சாமான் அறையிலிருந்து செங்கோட்டையன் கூவினார்.

"மேடம்! வெள்ளைப் பொடி! மூட்டை மூட்டையா!"

ஹாரிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சார், அது கோழித் தீவனத்துல கலக்கற உப்பு."

ஏட்டு மூட்டையின் மேல் எழுத்தைப் படித்தார். முகம் தொங்கிப்போனது. "அட, ஆமாங்க. என்ற மச்சான் கோழிப்பண்ணையிலயும் இதேதான். கோலின் உப்பு. கெமிக்கல் கம்பெனியில கோழித் தீவனத்துக்கு என்னுங்க வேலை?"

"அதுதானுங்க எங்க கம்பெனியே" என்றாள் அன்புக்கரசி. காலையிலிருந்து இப்போதுதான் அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "காட்டட்டுங்களா?"

மோகனப்பிரியா தலையைச் சாய்த்தாள். "காட்டுங்க."

எல்லோரும் லேப் மேசையைச் சுற்றி நின்றார்கள். அன்புக்கரசி ஒரு பீக்கரில் கோலின் உப்பைப் போட்டாள். அதன்மேல் எலுமிச்சை உப்பைப் போட்டாள். இரண்டும் உலர்ந்த தூள். இளஞ்சூட்டில் வைத்துக் கிளறினாள். சற்று நேரத்தில் தூள் ஈரமாகி, குழைந்து, கண்ணாடிபோல் தெளிந்த நீர்மமாக ஓடியது. விளக்கெண்ணெய் பதம்.

"யாத்தே! தண்ணியே ஊத்தலையே" என்றார் ஏட்டு.

"அதான் வித்தைங்க. தனித்தனியா இருந்தா கல்லாட்டம். சேந்தா இளகிரும். இதுதான் நம்ம பசுமைக் கரைப்பான், அந்த மூலையில கேன் கேனா இருக்குதே, அதேதான். வழக்கமா மட்டையைக் கரைக்கோணும்னா கடுமையான ஆசிடு வேணும், நெடி மூக்கைத் துளைக்கும், மிச்சத்தை ஆத்துல உடுவாங்க. இதை நாம திரும்பத் திரும்ப உபயோகிக்கலாம். சாக்கடைக்குப் போறதில்லை."

ஒரு கரண்டி மட்டைத்தூளை உள்ளே போட்டாள். தெளிந்த நீர்மம் மெல்ல மெல்லக் கருத்தது.

"மட்டையில நாரை இறுக்கிப் புடிச்சிருக்கற பசை ஒண்ணு இருக்குது. பேரு லிக்னின். அதை மட்டும் இது உறிஞ்சிக்கும். நார் தனியா நிக்கும். லிக்னின்னு இல்லீங்க, இந்தக் கரைப்பான் நெறையப் பொருளை முழுங்கிரும். உள்ள போனது கண்ணுக்கே தெரியாது."

கிருபாசங்கரின் போன் அடித்தது. "ஒரு நிமிசமுங்க, வாரேன்" என்று வெளியே போனான்.

"முழுங்கினதைத் திரும்ப வாங்கறது எப்படி?" என்றாள் மோகனப்பிரியா.

"சுலபமுங்க." அன்புக்கரசி கருப்பு நீர்மத்தை வடிகட்டி, அதில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினாள். நீர்மம் கலங்கியது. பழுப்பு மாவு திரண்டு அடியில் இறங்கியது. "தண்ணி பட்டதும் இதுக்குப் புடிமானம் போயிரும். வெச்சிருந்ததை எல்லாம் கீழ போட்டுரும். இந்த மாவுதான் லிக்னின். இதைக் காரமும் காத்தும் குடுத்துச் சமைச்சா வெனிலின்."

"பெரிய தொட்டியில தண்ணி உடறது நானுங்க" என்றார் நஞ்சுண்டன். "மாவு எறங்கறதைப் பாக்கறதுக்கே நல்லா இருக்கும்."

"கிருபா சாருக்குத்தான் எப்பவும் பாதி ஷோ" என்று ஹாரிகா கிசுகிசுத்தாள். "யாருக்குக் காட்டினாலும் சரியா இந்த இடத்துல போன் வந்துரும்."

கிருபாசங்கர் திரும்பி வந்தான். "முடிஞ்சுதுங்களா? மேடம், நான் கிளம்பலாமுங்களா? கோயமுத்தூர்ல ஒரு சோலி கிடக்குது."

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் மோகனப்பிரியா.

செங்கோட்டையன் கை கழுவப் போனார். அங்கிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "படிச்சவங்க லேப்புன்னு பேரு. சோப்புத் தூளை அப்படியே தொட்டியில கொட்டி வெச்சிருக்கறாங்க. ஓட்டையே அடைச்சுக் கிடக்குது."

மோகனப்பிரியா எழுந்து போனாள். கழுவும் தொட்டியின் சல்லடையில் வெள்ளையாக, துருவிய தேங்காய்போல் கொஞ்சம் ஒட்டியிருந்தது. விரலில் எடுத்துத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தாள். நுரை வரவில்லை. பக்கத்துத் தட்டில் பீக்கர்கள் வரிசையாகக் கவிழ்த்திருந்தன. ஒன்று மட்டும் ஈரமாக இருந்தது.

"ஹாரிகா, இன்னைக்கு நீ ஏதாச்சும் கழுவினியா?"

"இல்லீங்க மேடம். எல்லாம் நேத்தே கழுவி வெச்சது."

"மேடம் கழுவினாங்களா?"

"நானும் இல்லீங்க" என்றாள் அன்புக்கரசி.

மோகனப்பிரியா விரலைத் துடைத்துக்கொண்டாள். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் செங்கோட்டையன் அவளோடு பல வழக்குகளில் அலைந்தவர். மேடத்தின் தலை நேராகிவிட்டதைக் கவனித்தார். அவருக்குப் பசிகூட மறந்துபோனது.

அவள் நடு ஷெட்டுக்கு வந்து உரக்கச் சொன்னாள்.

"தேடினது போதும். பொருள் உள்ள இல்லை. எப்படியோ வெளிய போயிருச்சு. கேட்டைத் திறங்க. அவங்கவங்க சோலியைப் பாருங்க."

அன்புக்கரசி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "அவ்வளவுதானுங்களா மேடம்?"

"அவ்வளவுதானுங்க."

"மேடம், நாம இன்னும் கூரைமேல..." என்று ஆரம்பித்த ஏட்டின் காலை மோகனப்பிரியாவின் ஷூ லேசாக மிதித்தது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

இருவரும் ஜீப்புக்குப் போனார்கள். ஜீப் கிளம்பவில்லை. சாலையில் கொப்பரை ஏற்றிய லாரிகள் போய்க்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் ஷெட் கதவு திறந்தது. நஞ்சுண்டன் கொதிகலனை அணைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு ஸ்கூட்டரில் போனார், வெறுங்கையோடு. அடுத்து கிருபாசங்கர் வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் கேன். அதைக் காரின் பின்சீட்டில் வைத்து, சாயாமல் இருக்க ஒரு துண்டைச் சுற்றிவைத்தான். குழந்தையைப் படுக்க வைப்பதுபோல வைத்தான்.

கார் கேட்டை நெருங்கும்போது எதிரே இன்னொரு கார் உள்ளே திரும்பியது. கோயமுத்தூர் வண்டி. மூன்று மணி ஆகவில்லை, நந்திதா முன்னதாகவே வந்துவிட்டார். இரண்டு காரும் மூக்கோடு மூக்கு நின்றன. மோகனப்பிரியா நடுவில் வந்து நின்றாள்.

"கேன்ல என்னங்க?"

"கரைப்பானுங்க. காலேஜ்ல ஒரு புரொபசர் கேட்டிருந்தாரு. குடுத்துட்டு வந்தர்றேன்."

"எல்லாரும் ஒரு நிமிசம் லேப்புக்கு வாங்க. வந்திருக்கற அம்மாளும்தான். கேனையும் எடுத்துட்டு வாங்க. ஏட்டய்யா, ஜில்லுனு தண்ணி ஒரு சொம்பு."

"வெயில் ஜாஸ்திதானுங்க மேடம்" என்றான் கிருபாசங்கர் அக்கறையாக. "பிரிட்ஜுல ஐஸ் வாட்டர் இருக்குது. நல்லாக் குடிங்க."

மோகனப்பிரியா குடிக்கவில்லை. கேனைத் திறந்து, தெளிந்த நீர்மத்தைப் பெரிய பீக்கரில் கொஞ்சம் சரித்தாள். அதன்மேல் ஐஸ் தண்ணீரை ஊற்றினாள்.

நீர்மம் பாலாய் வெளுத்தது. மோகனப்பிரியா கண்ணாடிக் குச்சியால் மெல்லக் கிளறினாள். வெளுப்புக்குள்ளிருந்து ஊசி ஊசியாகப் படிகங்கள் முளைத்து, மின்னிக்கொண்டே மேலும் கீழும் அலைந்தன. ஷெட்டில் ஏற்கெனவே இருந்த வாசனை இரட்டிப்பானது.

ஹாரிகா வாயைப் பொத்திக்கொண்டாள். கிருபாசங்கர் பீக்கரையே பார்த்தான். தன் கண்ணை நம்பாத முகம்.

"இது... எப்படி வெளிய வந்துது?" என்றான், தன்னை மறந்து.

"அதைத்தான் நீங்க ஒருக்காலும் நின்னு பாத்ததில்லையே" என்றாள் மோகனப்பிரியா.

அவள் மேசையில் சாய்ந்துகொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"நாங்க தேடினது வெள்ளைப் பொடியை. அது பொடியா இல்லை. கரைப்பான் எதையும் முழுங்கும், முழுங்கினது தெரியாதுன்னு அம்மணி காட்டினாங்க. அப்பவே ஒரு சந்தேகம். ஆனா இங்க கேனுக்கா பஞ்சம்? எதுல, யாரு? பதில் கழுவற தொட்டியில கிடந்துது. யாரோ ஒரு பீக்கர்ல வெனிலினைக் கரைப்பான்ல கலக்கி, கேன்ல ஊத்திட்டு, பீக்கரை அவசரமாத் தண்ணியில அலசியிருக்காங்க. பீக்கர்ல ஒட்டியிருந்தது தண்ணி பட்டதும் வெள்ளையாத் திரண்டு சல்லடையில நின்னுருச்சு. ஏட்டய்யா அதைச் சோப்புத் தூள்ன்னு நினைச்சாரு. தேய்ச்சுப் பாத்தேன், நுரை வரலை."

"நல்லவேளை நான் கை கழுவினேன்" என்றார் செங்கோட்டையன்.

"இப்ப யாருன்னு பாப்போம். ஹாரிகா, இந்தக் கரைப்பான் ஒட்டுன பாத்திரத்தை நீ எப்படிக் கழுவுவே?"

"முதல்ல ஸ்பிரிட்ல துடைப்பேன் மேடம். நேரா தண்ணி விட்டா உள்ள இருக்கறது எல்லாம் திரண்டுரும்."

"அதேதான். இவளுக்குத் தெரியும். அன்புக்கரசிக்குத் தெரியும். தொட்டியில தண்ணி உடற நஞ்சுண்டனுக்கும் தெரியும். மூணு பேருல யாரு திருடியிருந்தாலும் அந்தப் பீக்கர்ல தண்ணி பட்டிருக்காது. தண்ணி ஊத்தினா என்ன ஆகும்னு தெரியாத ஆளு இந்த ஷெட்டுல ஒருத்தர்தான். முதல் பாதியைப் பாத்துட்டு, இரண்டாம் பாதிக்குப் போன் பேசப் போயிடற ஆளு. கேட்டைத் திறந்துவிட்டேன். அவரே கேனைத் துண்டு சுத்தி எடுத்துட்டு வந்தாரு. இப்பக்கூட என்னைத் தண்ணி குடிக்கச் சொன்னாரே ஒழிய, தண்ணிக்குப் பயப்படலை."

கிருபாசங்கர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான்.

"ஏன் கிருபா?" என்றாள் அன்புக்கரசி. கோபத்தைவிடப் புரியாமைதான் அந்தக் குரலில் இருந்தது.

"வெளிநாட்டு ஏஜென்ட் ஒருத்தர் கோயமுத்தூர் வந்திருக்காருங்க அண்ணி. ராத்திரி பிளைட். சாம்பிளைப் பாத்தா மொத்தமா எடுத்துக்கறேன்னாரு. நான் சொன்னப்ப நீங்க காது குடுக்கலை. பிஸ்கட்டுக்காரங்களுக்குத்தான்னு ஒத்தைக்கால்ல நின்னீங்க. நமக்கு எது நல்லதுன்னு எனக்கும் தெரியும்னு காட்டிப்போடோணும்னு..." அவன் தலை குனிந்தான். "கேனை அப்படியே குடுத்தா அவங்க லேப்ல பிரிச்சுக்குவாங்கன்னு நினைச்சனுங்க. அண்ணி அழுவீங்கன்னு நினைக்கலை."

"நான் அழுகலை" என்றாள் அன்புக்கரசி. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

மோகனப்பிரியா தொப்பியை எடுத்தாள். "புகார் இன்னும் எழுதி வாங்கலைங்க. எழுதறதா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லோணும்."

அன்புக்கரசி கொழுந்தனைப் பார்த்தாள். கல்லூரி வேலையை விட்டபோது வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். குடோன் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தது இவன் ஒருவன்தான். அதையும் நினைத்தாள், இன்று காலை அலமாரி முன் நின்றதையும் நினைத்தாள்.

"புகார் வேண்டாமுங்க மேடம். ஆனா கிருபா, நடந்ததை நந்திதா மேடத்துகிட்ட நீயே சொல்லோணும். என்ற வாயால சொல்ல மாட்டேன். இன்னையோட உனக்குச் சாவி கிடையாது. எதை யாருக்கு விக்கறதுங்கறதும் உன்ற கையில இல்லை."

அவன் எழுந்து நின்றான். நந்திதாவைப் பார்த்து, வார்த்தை வார்த்தையாக, எதையும் குறைக்காமல் சொன்னான். காது சிவந்துவிட்டது.

நந்திதாவின் கண் பீக்கரைவிட்டு அகலவே இல்லை.

"மேடம், இந்த நிலைமையில உங்களுக்குக் காட்டறதுக்கு எனக்கே சங்கடமா இருக்குதுங்க" என்று அன்புக்கரசி தயங்கினாள். "காயவெச்சு, சுத்தம் பண்ணித் தரணும்..."

"என் மேசைக்கு மாசத்துக்குப் பத்து பாட்டில் வருது" என்றார் நந்திதா. "எல்லாம் வெள்ளைப் பொடி. மட்டையில எடுத்தது, வைக்கோல்ல எடுத்ததுன்னு லேபிள் ஒட்டியிருக்கும். எது நெஜம்னு யாருக்குத் தெரியும்? உங்க தொட்டி, உங்க மட்டை, உங்க கரைப்பான், எல்லாத்தையும் முதல்ல இருந்து கடைசி வரைக்கும் எனக்கு ஒருதரம் செஞ்சு காட்டுங்க. சாயங்காலம் வரைக்கும் நான் இருக்கேன். இதை எங்க லேப்ல சோதிச்சுப் பாக்கறோம். சரியா இருந்தா, முதல் ஆறு மாசம் நீங்க எடுக்கறது எல்லாம் எங்களுக்கு."

ஹாரிகா ஒரு குதி குதித்தாள். பிறகு போலீஸ் நிற்பது ஞாபகம் வந்து நேராக நின்றாள்.

அன்புக்கரசி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "நஞ்சுண்டண்ணனுக்குப் போன் போடு கண்ணு. சாப்பிட்டது போதும், கொதிகலனைப் பத்த வெக்கச் சொல்லு."

மோகனப்பிரியாவும் ஏட்டும் வாசலுக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கிருபாசங்கரும் வந்து, கார்ச் சாவியைத் திருகிக்கொண்டு நின்றான். பிறகு என்ன நினைத்தானோ, திரும்பி ஷெட்டு வாசலுக்கே போனான்.

"ஏனுங்க அண்ணி... நாளைக்கு நான் வரட்டுங்களா?"

அன்புக்கரசி தொட்டியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"காலையில மட்டை லாரி வருது. எறக்கறதுக்கு ஆள் பத்தலை."

கிருபாசங்கர் தன் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையைக் குனிந்து ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"வாரேனுங்க அண்ணி" என்றான்.